காது வேறு, கத்தி வேறு

போன இதழில், மருந்து ஒவ்வாமல் தோல் உரிந்துபோகும் கொடிய நோயைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘மரண ஏற்பி’ (‘செத்துப்போ’ என்ற சேதியை வாங்க செல்லின் மேல் நிற்கும் புரதம்) என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கொடுத்துவிடலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் 31 வருடம் பேத்தாலஜியில் இருந்தவள். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், அவர் உடம்பிலிருந்து வந்த துணுக்கை மட்டும் பார்க்கிற வேலை. மருந்துச் சீட்டு எழுதிப் பழக்கமில்லை. ‘ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன், மாத்திரையை நிறுத்தலாமா’ என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நோய் விஷயம் என்பதால் யார் பெயரையும் ஊரையும் போடவில்லை.

கேள்வி: தன்னைக் கொல்வதற்கான ஏற்பியை செல் தானே செய்து, தன் மேல்தோலிலேயே மாட்டிக்கொண்டு திரிகிறதே, இது முட்டாள்தனமாகத் தெரியவில்லையா அம்மா? (உயிரியல் ஆசிரியர்)

பதில்: தனியாகத் திரியும் அமீபாவுக்கு அது முட்டாள்தனம்தான். கூட்டமாக வாழும் செல்லுக்கு அப்படியில்லை. கூட்டத்தில் இருப்பவரிடம் ‘உன் வேலை முடிந்தது, கிளம்பு’ என்று சொல்ல ஒரு வழி வேண்டும். காய்ச்சல் வந்தபோது உங்கள் உடலில் டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் பல மடங்கு பெருகின. காய்ச்சல் விட்ட பிறகு அத்தனை செல்களும் ஆயுதத்தோடு சும்மா உலவினால் என்ன ஆகும்? சொந்த உடம்பையே உரசிப் பார்க்கும். அவற்றில் பெரும்பாலானவை செத்தாக வேண்டும். சில செல்கள், பிழைத்திருக்கச் சொல்லும் சமிக்ஞைகள் குறைந்துபோய்த் தானாகவே சாகின்றன. மறுபடி மறுபடி தூண்டிவிடப்பட்டு அடங்க மறுக்கும் செல்களுக்குத்தான் வெளியிலிருந்து சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்கிற காதுதான் மரண ஏற்பி.

காது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். பத்திரிகைகளில் ‘கொலைப் பொத்தான்’, ‘தற்கொலை சுவிட்ச்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தே தீர வேண்டும். இங்கே அப்படியில்லை. ஏற்பி கேட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். வெட்டுவதா வேண்டாமா என்பது உள்ளே முடிவாகிறது.

ஃபாஸ் என்ற ஏற்பியை எடுத்துக்கொள்வோம். எஃப்.எஸ்.7 என்ற செல் வகையை வைத்து உண்டாக்கிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒன்றில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) வழியாக அடையாளம் கண்டதால் ஃபாஸ். பெயருக்குள் வேறு ரகசியம் ஏதும் கிடையாது. 1989-ல் ஜப்பானில் ஷின் யோனெஹாராவும் ஜெர்மனியில் பீட்டர் கிராமரும், செல்லின் மேல் போய் ஒட்டினாலே அதைச் சாகவைக்கும் ஆன்டிபாடிகளைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இரண்டும் ஒரே ஏற்பியில்தான் ஒட்டுகின்றன என்பது பிற்பாடு தெரிந்தது. 1991-ல் ஷிகெகாசு நாகாட்டாவின் குழு அந்த ஏற்பிக்கான ஜீனைப் பிரித்தெடுத்தது.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நடப்பது இதுதான். எதிரே வரும் டி செல்லின் மேல் ஃபாஸ் லிகண்ட் என்ற புரதம் மூன்று மூன்றாகச் சேர்ந்து நிற்கும். அது வந்து பிடிக்கும்போது இந்தப் பக்கம் ஃபாஸ் ஏற்பிகளும் மூன்று மூன்றாக நெருங்கிக் கூடுகின்றன. ஒவ்வொரு ஏற்பியின் வாலும் செல்லுக்குள்ளே தொங்குகிறது. அந்த வாலில் சுமார் 80 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு பகுதி, அதற்குப் பெயர் ‘மரணக் களம்’. வால்கள் ஒன்றுசேர்ந்ததும் ஃபேட் என்ற இடைத்தரகர் புரதம் வந்து ஒட்டும். ஃபேட், கேஸ்பேஸ்-8 என்ற நொதியைக் கூட்டிவரும். கேஸ்பேஸ்-8 அதுவரை செல்லுக்குள் உறைபோட்ட கத்தியாகச் சும்மா மிதந்துகொண்டிருந்தது. நெருக்கியடித்து நிற்கும்போது ஒன்றின் உறையை இன்னொன்று உருவிவிடுகிறது. அப்புறம் அது கேஸ்பேஸ்-3-ஐ வெட்டி எழுப்ப, கேஸ்பேஸ்-3 நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்ட, செல் உள்ளேயே மடிகிறது.

அந்த இடைத்தரகர் இருக்கும் இடத்திலேயே ஒரு போலியும் காத்திருக்கிறது. சி-ஃபிளிப் என்று பெயர். பார்வைக்கு கேஸ்பேஸ்-8 மாதிரியே இருக்கும், ஆனால் வெட்டும் முனை வேலை செய்யாது. அது நிறைய இருந்தால் கத்தி வர வேண்டிய இடத்தில் மரக்கத்தி வந்து உட்கார்ந்துவிடும். காது கேட்டும் செல் சாகாது.

இன்னொன்று. செல்கள் திட்டமிட்டுச் சாவதில் பெரும்பகுதி இந்த ஏற்பிகள் வழியாக நடப்பதில்லை. டி.என்.ஏ. பழுது, பட்டினி என்று செல்லுக்கு உள்ளேயே காரணம் எழுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் வழியாக நடப்பதுதான் அதிகம். பாடம் நடத்தும்போது இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். என் மாணவர்கள் வருடா வருடம் குழப்பினார்கள்.

கேள்வி: இப்படிச் சாகும் செல்லை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருக்கும்? (கல்லூரி மாணவி)

பதில்: முதல் தடவை பார்த்தபோது பார்க்காமல் விட்டேன். பயிற்சியில் சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும். கல்லீரல் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து, சாயம் சரியாகக் கழுவவில்லை, இளஞ்சிவப்புத் திட்டுகள் விழுந்திருக்கின்றன என்று ஆய்வகத் தொழில்நுட்பர்மேல் பழியைப் போட்டு எழுதிவிட்டேன். எங்கள் பேராசிரியர் ஸ்லைடை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் லென்ஸைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினார்.

கல்லீரல் செல்கள் பலகோணமாக, பக்கத்துச் செல்லோடு இடைவெளி இல்லாமல் பதித்த கல்லாக இருக்கும். நடுவே உருண்டையான பெரிய உட்கரு. அந்த வரிசையில் ஒன்று மட்டும் பாதியாகச் சுருங்கி, பக்கத்துச் செல்களிடமிருந்து விலகி, சுற்றிலும் வெள்ளையாக ஒரு வளையத்தோடு நின்றது. உடல் கண்ணாடி போல வழவழப்பான அடர்சிவப்பு. உட்கரு இருந்த இடத்தில் மை சிந்தின மாதிரி ஒரு கரும்புள்ளி. நான் ‘சாயத் திட்டு’ என்று எழுதியது அதைத்தான். ‘சுத்தி என்ன இல்லேன்னு பாரு’ என்றார். செல் செத்தால் ஓடிவரும் வெள்ளையணுக் கூட்டம் இல்லை. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. பக்கத்துச் செல்லுக்கே சேதி தெரியாத மாதிரி ஒரு சாவு. தொழில்நுட்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பல வருடம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

இந்த மாதிரிச் சிவப்பு உருண்டைகளை மஞ்சள் காய்ச்சலில் இறந்தவர்களின் கல்லீரலில் வில்லியம் கவுன்சில்மன் 1890 வாக்கிலேயே விவரித்துவிட்டார். என்ன அது என்றுதான் விளங்கவில்லை. 1960-களில் ஆஸ்திரேலியரான ஜான் கெர், எலிகளின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்க் கிளையைக் கட்டிவிட்டு, மெதுவாகச் சுருங்கும் பகுதியில் செல்கள் ஒன்றொன்றாக இப்படி உதிர்வதைப் பார்த்தார். ஆண்ட்ரூ வைலி, அலஸ்டைர் கரி ஆகியோரோடு சேர்ந்து 1972-ல் அதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார். அபர்டீனில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கோர்மாக் எடுத்துக்கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலையோ பூவிதழோ உதிர்வதைக் குறிக்கும்.

தினமும் நம் உடம்பில் 5,000 கோடிக்குமேல் செல்கள் இப்படி உதிர்வதாக மதிப்பிடுகிறார்கள். அப்புறம் ஏன் ஸ்லைடில் ஒன்றிரண்டே தெரிகின்றன? விழுங்கிவிடுகிறார்கள், அதனால்தான். சாகும் செல், உட்புறச் சவ்வில் இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடில்செரின் என்ற கொழுப்பை வெளிப்புறம் திருப்பிக் காட்டும். ‘என்னைத் தின்னலாம்’ என்று ஒட்டிய அறிவிப்பு அது. தின்னும் செல்கள் வந்து சில மணி நேரத்தில் தடயமே இல்லாமல் முடித்துவிடும். ஆகவே ஸ்லைடில் நாலு கண்ணில் பட்டாலே, அங்கே செத்துக்கொண்டிருப்பவை ஏராளம் என்று அர்த்தம்.

கேள்வி: எனக்கு ஹெபடைடிஸ் பி. வைரஸ்தான் கல்லீரலைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். ‘வைரஸ் இல்லை, உங்கள் எதிர்ப்பு சக்திதான்’ என்கிறார் டாக்டர். ஆறுதலுக்குச் சொல்கிறாரா? (வாசகர்)

பதில்: உண்மையைத்தான் சொல்கிறார். இந்த வைரஸ் தான் குடியேறிய செல்லைப் பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. குடியிருந்தபடி நகல் எடுத்துக்கொண்டிருக்கும். அதை மோப்பம் பிடித்து வருகிற டி செல்கள்தான் கல்லீரல் செல்லைச் சாகவைக்கின்றன. அவற்றிடம் இரண்டு ஆயுதம். ஒன்று, செல்லில் துளை போட்டு விஷப் புரதங்களை உள்ளே தள்ளுவது. இன்னொன்று, முதல் பதிலில் சொன்ன ஃபாஸ் லிகண்ட். கல்லீரல் செல்லின் மேல் ஃபாஸ் எப்போதுமே இருக்கிறது. வீக்கம் வந்தால் இன்னும் கூடுகிறது.

கல்லீரலுக்கு இந்தக் காது எவ்வளவு கூர்மை என்பதை 1993-ல் நாகாட்டாவின் குழு காட்டியது. ஃபாஸைத் தூண்டும் ஆன்டிபாடியை எலிகளுக்கு ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் எலிகள் செத்தன. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் முழுக்க அப்போப்டோசிஸ். பிறவியிலேயே ஃபாஸ் பழுதான எலிகளுக்கு அதே ஊசி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை.

இதிலும் காது வேறு, கத்தி வேறு என்பது தெரிகிறது. சில வகை டி செல்களில் கேஸ்பேஸ்-8 எழுந்தாலே போதும், காரியம் முடிந்துவிடும். கல்லீரல் செல்லில் அது போதாது. அங்கே எக்ஸ்.ஐ.ஏ.பி. என்ற புரதம் கேஸ்பேஸ்-3-ஐ அமுக்கிப் பிடித்திருக்கும். அதனால் கேஸ்பேஸ்-8, பிட் என்ற இன்னொரு புரதத்தை வெட்டி, அந்தத் துண்டை மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்ப வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் ஓட்டை விழுந்து சைட்டோகுரோம் சி வெளியே கசிந்து, கூடவே வரும் மற்றப் புரதங்கள் அமுக்கிப் பிடித்த கையைத் தட்டிவிட்ட பிறகுதான் செல் சாகும். 1999-ல் பிட் இல்லாத எலிகளை உருவாக்கி அந்த ஊசியைப் போட்டபோது பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. காது நன்றாகவே கேட்டது, சேதி போகிற வழியில் அறுந்துபோனது.

உங்கள் ரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி. என்று ஓர் எண் வருமே, அது உடைந்த கல்லீரல் செல்களிலிருந்து கசிந்த நொதியின் அளவு. அதாவது சண்டையின் அளவு. வைரஸின் எண்ணிக்கை வேறு பரிசோதனை. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘வைரஸ் நிறைய இருக்கு, ஆனா லிவர் நார்மல்’ என்று உங்களிடம் சொன்னால் குழம்ப வேண்டாம். அதற்காகப் பரிசோதனைக்குப் போகாமலும் இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. 2 வயதிலிருந்து கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி, மண்ணீரல் வீங்கி இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் என்று பயந்து பல இடம் அலைந்தோம். ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். இப்போது ஃபாஸ் ஜீனில் கோளாறு என்று ரிப்போர்ட். அதே கோளாறு என் கணவருக்கும் இருக்கிறதாம், ஆனால் அவருக்கு ஒன்றுமே இல்லை. எப்படி? (ஒரு தாய்)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு வருடம் அலைந்திருக்கிறீர்கள். இந்த நோயைத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் அப்படித்தான் ஆகிறது.

இதன் பெயர் ஆட்டோஇம்யூன் லிம்போபுரோலிஃபரேட்டிவ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஏ.எல்.பி.எஸ். குழந்தைகளிடம் இப்படி ஒரு நிலை இருப்பதை கனாலேயும் ஸ்மித்தும் 1967-ல் எழுதினார்கள். காரணம் தெரிந்தது எலிகளால். பல வருடங்களாக ஆய்வகங்களில் எல்.பி.ஆர். என்ற ஒரு வகை எலி வளர்ந்துவந்தது. நெறியும் மண்ணீரலும் வீங்கி, தன் உடம்பையே தாக்கும் நோயோடு இருக்கும். அதற்கு ஃபாஸ் ஜீன் பழுது என்று 1992-ல் தெரிந்தது. அப்படியென்றால் மனிதரிலும் இருக்குமே என்று தேடினார்கள். 1995-ல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இரண்டு குழுக்கள் குழந்தைகளிடம் கண்டுபிடித்தன. இந்தக் குழந்தைகளின் டி செல்கள் பெருகும், ‘கிளம்பு’ என்றால் கேட்காது. நெறியில் இருப்பது புற்றுநோய் அல்ல, போக மறுத்துத் தங்கிவிட்ட செல்கள். சிடி4, சிடி8 என்ற இரண்டு அடையாளமும் இல்லாத ஒரு வகை டி செல் ரத்தத்தில் கூடியிருக்கும், ரிப்போர்ட்டில் அதையும் பார்த்திருப்பீர்கள். விட்டமின் பி12 விபரீதமாக ஏறியிருக்கும். யாராவது ‘பி12 நல்லதுதானே’ என்றால் விட்டுவிடுங்கள், இங்கே அது நோயின் அடையாளம், ஊட்டத்தின் அடையாளமில்லை.

இனி, ஒரே ஒரு பிரதி கெட்டால் எப்படி நோய் வரும் என்பது. ஃபாஸ் ஜீன் நமக்கு இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. உங்கள் மகனுக்கு ஒன்று நல்லது. பாதி நல்ல ஏற்பி இருக்கிறதே, போதாதா என்று கேட்கத் தோன்றும். ஏற்பிகள் மூன்று மூன்றாகக் கூட வேண்டும் என்றேன் அல்லவா? நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும்போது, கூடுகிற மூன்றுமே நல்லதாக அமைய எட்டில் ஒரு வாய்ப்புதான். மற்ற ஏழிலும் கெட்டது ஒன்றாவது உள்ளே நுழைந்து, நல்லதையும் சேர்த்து முடக்கிவிடும். ஜீனின் எந்த இடத்தில் கோளாறு என்பதைப் பொறுத்தும் இது மாறும். மரணக் களத்தில் விழுந்த பிழை பொதுவாகக் கடுமையானது. வெளிப்பகுதியில் விழுந்தது சாதுவாக இருப்பதுண்டு.

உங்கள் கணவர் விஷயம் இந்த நோயில் சகஜம். ஒரே குடும்பத்தில் ஒரே பிழையோடு ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் தெரியாமலே ஆயுள் முழுக்க நடமாடுவார். சிலருக்கு, பிறந்த பிறகு டி செல்களில் இரண்டாவதாக ஒரு பிழை சேரும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். உங்கள் கணவர் யாருக்கும் எதையும் ‘கொடுத்துவிட்டார்’ என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நல்ல சேதி இரண்டு. வயது ஏற ஏற, வாலிபத்தில், நெறிவீக்கம் தணிவது வழக்கம். சிரோலிமஸ் என்ற மருந்து பல குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. கவனமாக இருக்க வேண்டியவையும் உண்டு. மண்ணீரல் வீங்கி இருக்கும்வரை வயிற்றில் அடிபடும் விளையாட்டு கூடாது. திடீரென்று வெளுத்துப்போனாலோ, தோலில் ரத்தப் புள்ளிகள் வந்தாலோ உடனே காட்டுங்கள், ரத்த அணுக்களை உடம்பே அழிக்கத் தொடங்கியிருக்கலாம். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்த நோயைத் தெரிந்த இன்னொருவரிடமும் கேளுங்கள். எடுத்த பிறகு ரத்தத்தில் கிருமி ஏறும் அபாயம் இந்தக் குழந்தைகளுக்குக் கூடுதல் என்பதால் முடிந்தவரை தவிர்க்கிறார்கள். லிம்போமா என்ற நெறிப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே நெறி ‘வழக்கம்போலத்தானே வீங்கியிருக்கு’ என்று வருடக்கணக்கில் விட்டுவிடாமல், சொன்ன தேதிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கேள்வி: புற்றுநோய் செல்லிலும் ஃபாஸ் இருக்கும்தானே? அதைத் தூண்டும் மருந்தைப் போட்டால் கதை முடிந்ததே! (பெயர் எழுதாத அட்டை)

பதில்: மேலே எலிகளின் கதையைப் படித்தீர்களா? கதை முடியும், யாருடையது என்பதுதான் கேள்வி.

ஆனால் இந்த யோசனை உங்களுக்கு மட்டும் வரவில்லை. 1995-ல் டிரெயில் என்ற இன்னொரு தூதுப் புரதம் தெரியவந்தது. டி.ஆர்.4, டி.ஆர்.5 என்ற இரண்டு மரண ஏற்பிகளைப் பிடிக்கும். ஆய்வகத் தட்டில் பல புற்றுநோய் செல்களைக் கொன்றது, சாதாரண செல்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. இதைவிட வேறென்ன வேண்டும் என்று மருந்து நிறுவனங்கள் பாய்ந்தன. நானும் அப்போது கருத்தரங்குகளில் கைதட்டியவள்தான். நோயாளிகளுக்குக் கொடுத்தபோது பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. பெரிய பலனும் வரவில்லை. டிரெயில் புரதம் உடம்பில் சீக்கிரம் கரைந்துபோனது. ஆன்டிபாடிகளோ ஏற்பிகளைப் போதுமான அளவு கூட்டிச் சேர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், காது கேட்டாலும் உள்ளே கத்தி இல்லாத செல்கள் ஏராளம். குழந்தைகளுக்கு நரம்புச் செல்களில் வரும் நியூரோபிளாஸ்டோமா கட்டிகள் சிலவற்றில் கேஸ்பேஸ்-8 ஜீனே பூட்டிவைக்கப்பட்டிருக்கும். வேறு சில கட்டிகள் சி-ஃபிளிப்பைக் குவித்துவைத்திருக்கும். இன்னும் சில, டி.சி.ஆர்.3 என்ற பொய்க் காதை வெளியே மிதக்கவிட்டு, வருகிற ஃபாஸ் லிகண்டை வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய வேடிக்கை, சாவுச் சேதியையே சில புற்றுநோய் செல்கள் ‘வளரு, பரவு’ என்று தப்பாகக் கேட்டுக்கொள்வது.

ஒரேயடியாகக் கைவிட்டுவிடவில்லை. சற்று மாற்றியமைத்த டிரெயில் ஒன்றுக்கு, அபோனெர்மின் என்று பெயர், மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவர்களுக்காக 2023-ல் சீனாவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் தருகிறார்கள்.

கேள்வி: மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப். தடுப்பு ஊசி போட்டுக்கொள்கிறேன். அதன் முழுப்பெயரைப் பார்த்தேன், கட்டியை அழிக்கும் காரணி என்று வருகிறது. அதையே தடுத்தால் எனக்குக் கட்டி வராதா? (வாசகி)

பதில்: பெயர் செய்த குழப்பம் இது. 1975-ல் எலிகளின் கட்டியைக் கருகவைத்த பொருள் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் டி.என்.எஃப். ஒரு செல்லிடம் வந்து பேசினால் வழக்கமாகச் சொல்வது ‘செத்துப்போ’ என்றல்ல, ‘எழுந்திரு, ஊரைக் கூட்டு’ என்றுதான். அதன் ஏற்பியும் மரண ஏற்பிதான், வாலில் மரணக் களம் இருக்கிறது. ஆனால் அங்கே முதலில் கூடும் புரதக் குழு, பிழைப்பதற்கும் வீக்கம் உண்டாக்குவதற்குமான ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஜீன்கள் செய்யவைக்கும் புரதங்களில் சி-ஃபிளிப்பும் உண்டு. இந்த முதல் குழு எங்காவது சொதப்பினால்தான், இரண்டாவதாக ஒரு குழு செல்லுக்குள்ளே இறங்கி, ஃபேட், கேஸ்பேஸ்-8 என்று பழைய வழியில் கொல்லப் போகிறது. உங்கள் மூட்டைக் கெடுப்பது முக்கியமாக அந்த முதல் சேதி, ஊரைக் கூட்டுகிற சேதி. ஊசி அதைத்தான் அடக்குகிறது.

இன்ஃப்ளிக்சிமாப், எடனெர்செப்ட் என்ற முதல் இரண்டு மருந்துகள் 1998-லேயே வந்துவிட்டன. அதற்குப் பிறகு ஏராளமானவர்களைப் பார்த்தாகிவிட்டது. ஒட்டுமொத்தமாகப் புற்றுநோய் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. தோல் புற்றுநோய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும் என்கிறார்கள். உண்மையான அபாயம் தொற்று, குறிப்பாக உறங்கும் காசநோய். உடம்பு அந்தக் கிருமியைச் சுற்றிச் சுவர் கட்டிவைத்திருக்கும், சுவர் இடியாமல் நிற்க டி.என்.எஃப். வேண்டும். அதனால்தான் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை. உங்களுக்கும் செய்திருப்பார்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை, எனக்குப் பிடித்தது. மாட்டம்மை வைரஸ் தான் புகுந்த செல் சாகக் கூடாது என்று கேஸ்பேஸ்-8-ஐயே பூட்டும் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது. செல் சும்மா விடுமா? கேஸ்பேஸ்-8 பூட்டப்பட்டால் ரிப்-1, ரிப்-3 என்ற புரதங்கள் சேர்ந்து, எம்.எல்.கே.எல். என்ற மூன்றாவதைக் கொண்டு செல்லின் சவ்வையே கிழித்துவிடும். நெக்ரோப்டோசிஸ் என்று பெயர், 2005-ல் வைத்தது. இலை உதிர்கிற அமைதியெல்லாம் இதில் கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி வீக்கத்தைக் கிளப்பும். கேஸ்பேஸ்-8 இல்லாத எலிக்குட்டிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. கொல்லும் நொதி இல்லையென்றால் கூடுதலாக அல்லவா பிழைக்க வேண்டும்? 2011-ல் விடை வந்தது. ரிப்-3-ஐயும் சேர்த்து எடுத்துவிட்டால் குட்டிகள் உயிரோடு பிறக்கின்றன. ஆக, கேஸ்பேஸ்-8-க்கு அன்றாட வேலை, இந்தக் கிழிக்கும் சாவு கிளம்பாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

கேள்வி: இந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை ஏற்பிகள்? எல்லாமே கொல்லுமா? (பள்ளி மாணவன்)

பதில்: வழக்கமாக எட்டு என்று எண்ணுவார்கள், வாலில் மரணக் களம் இருப்பதுதான் அடையாளம். எல்லாம் கொல்வதில்லை. இடார் என்று ஒன்று இருக்கிறது, அதன் முக்கிய வேலை முடி, பல், வியர்வைச் சுரப்பி இதெல்லாம் கருவில் உருவாக வைப்பது. அது பழுதானால் குழந்தைக்குப் பல் குறைவாக முளைக்கும், முடி மெலிந்திருக்கும், சரியாக வியர்க்காது. குடும்பப் பெயரைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது தம்பி.

கேள்வி: அம்மா, மருந்து ஒவ்வாமையால் தோல் உரியும் நோய்க்கு ஃபாஸ் லிகண்ட்தான் காரணம் என்று போன இதழில் எழுதிவிட்டீர்கள். நீங்கள் 1998-லேயே நின்றுவிட்டீர்கள் போலிருக்கிறது. (தோல் மருத்துவர்)

பதில்: ஒப்புக்கொள்கிறேன். டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலைசிஸ் என்ற அந்த நோயில் தோல் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன, அதை ஸ்லைடில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேல்தோல் முழுத் தடிமனுக்கும் செத்துத் தனித் தாளாகக் கழன்றிருக்கும், அடியில் வெள்ளையணுக்கள் அதிகமாக இருக்காது. இது ஃபாஸ், ஃபாஸ் லிகண்ட் வழியாக நடக்கிறது என்றும், நரம்பு வழி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடிக் கலவை அதைத் தடுக்கலாம் என்றும் 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. நாங்கள் எல்லோரும் அதைப் பாடமாக நடத்தினோம். 2008-ல் கொப்புள நீரை எடுத்துப் பிரித்துப் பார்த்தவர்கள், டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் கக்கும் கிரானுலைசின் என்ற புரதம் மற்ற எல்லாவற்றையும்விட மிக அதிகமாக இருப்பதைக் காட்டினார்கள். செல்லிலிருந்து கழன்று நீரில் மிதக்கும் ஃபாஸ் லிகண்டைவிட நூறு மடங்குக்கும் மேல். அந்த நீரிலிருந்து கிரானுலைசினைக் குறைத்தால் செல்லைக் கொல்லும் திறனும் குறைந்தது. இம்யூனோகுளோபுலின் சிகிச்சையும் முதலில் நம்பிய அளவுக்குக் கைகொடுக்கவில்லை. ஃபாஸுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘அதுதான் காரணம்’ என்று நான் எழுதியது தப்பு. போன இதழை எடுத்துவைத்திருப்பவர்கள் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் கிரானுலைசின் என்று எழுதிக்கொள்ளுங்கள்.